பித்தளைக்கு வந்த நோய்

இந்தியாவில் ஆங்கிலேயர் பட்டாளம் வைத்திருந்த காலத்தில், மழைக்காலம் கழிந்து வெடிமருந்துப் பெட்டிகளைத் திறந்தவர்கள் ஒரு புதுமையைக் கண்டார்கள். ஒருவரும் சுடாத, ஒருவரும் தொடாத தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடியிருந்தன. அடிபட்ட வடு இல்லை. நசுங்கிய குறி இல்லை. இந்நோய்க்குப் ‘பருவ வெடிப்பு’ என்ற பெயர் வழங்கலாயிற்று. ஒன்றுக்குப் பெயரிட்டவுடன் அதன் காரணமும் தெரிந்துவிட்டதாக எண்ணி அமைந்துவிடுவது மனித இயல்பு. இந்தப் பெயரும் பல ஆண்டுகள் அவ்வாறே பயன்பட்டது.

ரப்பர்த் தோட்டத்துக் கிராணிக்குத் தோட்டாவின் சரித்திரம் எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். என்னை இதைத் தேடிப் படிக்கச் செய்தது துப்பாக்கியன்று. அம்மோனியாப் பீப்பாயில் பூட்டியிருந்த ஒரு பித்தளைப் பைப்பு. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

1857ஆம் ஆண்டில் வடநாட்டுச் சிப்பாய்கள் கொதித்தெழுந்த காரணங்களுள் ஒன்றாயிருந்த தோட்டா காகிதத்தால் ஆனது, கொழுப்புப் பூசியது, பல்லால் கடித்துத் திறக்க வேண்டியது. பத்தாண்டு கழிவதற்குள், ஸ்னைடர் துப்பாக்கிக்காக மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த தோட்டா வந்துவிட்டது. அதன்பின் மூட்டே இல்லாத கூடு வந்தது. நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளையில் ஒரு வட்டத் தகட்டை வெட்டி, அதைக் கிண்ணமாக அழுத்தி, அக்கிண்ணத்தை அச்சுக்குள் மேலும் மேலும் இழுத்து நீட்டிக் குழலாக்கும் முறை அது. மருந்து வெடிக்கும் கணத்தில் கூடு விரிந்து குழலோடு ஒட்டிப் புகை பின்னால் கசியாமல் அடைக்க வேண்டும். மறுகணமே சுருங்கி எளிதில் வெளிவர வேண்டும். இவ்விரு குணமும் ஒருங்கே அமைந்ததனால்தான் பித்தளை இத்தொழிலுக்கு வாய்த்தது.

ஆனால் பித்தளையிடம் ஒரு பிடிவாதம் உண்டு. குளிர்ந்த நிலையில் அதனை அடித்தாலும் இழுத்தாலும் அது இறுகிக்கொண்டே போகும். ஓர் எல்லைக்குமேல் கிழியும். ஆகையால் ஓர் இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் இடையே அதனைக் காய்ச்சி ஆற்றுவர். காய்ச்சினால் உள்ளே நசுங்கிக் கிடந்த மணிகள் கரைந்து புது மணிகளாக மீண்டும் உருவாகும். உலோகம் இளகிக் கொடுக்கும். இதற்கு ஆங்கில நூல் வேண்டுவதில்லை. தகட்டை அடித்துக் குடம் செய்யும் கன்னார் எவரைக் கேட்டாலும், சுத்தியல் ஒலி மாறும்போது வேலையை நிறுத்தி உலையில் வைப்போம் என்பார். பஞ்சாபில் ஜண்டியாலா குரு என்னும் ஊரிலுள்ள தட்டேரர்கள் பாத்திரம் அடிக்கும் இக்கலையை 2014இல் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. நம் கன்னார் தெருக்களைச் சேர்க்க எவரும் முயன்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அரிவாளைக் காய்ச்சி நீரில் தோய்த்தால் இறுகுவது போல் பித்தளை இறுகாது. அதனை நீரில் இட்டாலும் காற்றில் ஆறவிட்டாலும் ஒன்றே. இறுக்கம் திரும்ப வேண்டுமானால் மறுபடி அடிக்கத்தான் வேண்டும்.

நிற்க. கூடுகள் ஏன் வெடித்தன? மழைக்காலத்தில் வெடிமருந்தை நனையாமல் காக்கக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். குதிரையின் சிறுநீரிலிருந்து எழும் நெடி அம்மோனியா. அது செம்புடன் உறவாடும். ஆயினும் அது மட்டும் வெடிப்புக்குப் போதாது. கூடு செய்யும்போது கடைசியாக இழுத்த இழுப்பின் முறுக்கம் உலோகத்துக்குள்ளேயே தங்கியிருந்தது. வெளிக்குச் சாந்தமாகத் தோன்றும் கூடு, உள்ளே தன்னைத்தானே இழுத்துக்கொண்டு நின்றது. அம்மோனியா மணிகளின் இடுக்கில் புகுந்து வழி திறக்க, உள்முறுக்கம் அதனைப் பிளந்தது. முறுக்கமில்லாத பித்தளையை அம்மோனியா நிறம் மாற்றும், அரிக்கும், இவ்வாறு பிளக்காது. முறுக்கமுள்ள பித்தளை தூய காற்றில் நெடுங்காலம் கிடக்கும். இரண்டும் கூடும் இடத்தில்தான் கேடு. இவ்வுண்மையை மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் 1921இல் எழுதி வெளியிட்டனர்.

மருந்து எளியது. சுமார் 250 முதல் 300 டிகிரி வரை மெதுவாகக் காய்ச்சினால், கூட்டின் வலிமை பெரிதும் குறையாமலே உள்முறுக்கம் நீங்கிவிடும். அம்மோனியா உள்ள இடத்திலும் வைத்தல் கூடாது. இதைப் படித்தபோது என் பாட்டியின் நினைவு வந்தது. மாட்டுக் கொட்டகையில் தொங்கிய பால் செம்பு ஒருநாள் தானாகவே விரிந்து ஒழுகியது. கண்ணேறு என்று சொல்லிப் பாட்டி மிளகாய் சுற்றிப் போட்டாள். கொட்டகையின் நெடியை ஒருவரும் ஐயுறவில்லை.

இக்காலத்தில் அமெரிக்கா, நியூஸிலாந்து முதலிய நாடுகளில், சுட்ட கூட்டை எடுத்து மறுபடி மருந்து நிரப்பிப் பயன்படுத்துவோர் பலர். ஒவ்வொரு தடவையும் கூட்டின் கழுத்து விரிந்து, மறுபடி அச்சில் சுருங்கி, இறுகிப் பிளக்கிறது. ஆகவே கழுத்தை மட்டும் காய்ச்சுவதற்கென்று இயந்திரங்கள் விற்கின்றன. முன்பு கூடுகளைத் தட்டில் நிறுத்தி, அடிப்பாகம் மூழ்க நீர் ஊற்றி, கழுத்தில் விளக்கின் தீயைக் காட்டித் தள்ளிவிடுவார்கள். இப்பொழுது சுழலும் சக்கரம் ஒவ்வொன்றாகக் கூட்டை எரிவாயுத் தீக்கு நேரே கொண்டுபோகிறது; வேறொரு வகையில் தீயே இல்லை, மின்சுருளுக்குள் கூட்டைச் செருகினால் சில விநாடிகளில் கழுத்து காய்கிறது. தீயில் ஓடுவது விலை குறைந்தது. ஆனால் காற்றும் வாயுவின் அழுத்தமும் மாறினால் சூடும் மாறும். எதை வாங்கினாலும் பார்க்க வேண்டியது ஒன்றே: நூறாவது கூட்டுக்கும் முதற் கூட்டுக்குக் கிடைத்த அதே சூடு கிடைக்கிறதா? கனம் வேறுபட்ட கூடுகளைக் கலந்து இடுவது பிழை. கூட்டின் அடிப்பாகம் இளகிவிட்டால், அடுத்த வெடியில் கொதிக்கும் புகை சுடுபவன் முகத்திலேயே பாயும். அதற்காகவே குறித்த சூட்டில் நிறம் மாறும் மையைக் கூட்டின் உடலில் பூசிச் சோதித்துப் பார்க்கிறார்கள். இளகிய அடியை எந்த இயந்திரமும் திருத்தாது; எறிய வேண்டியதுதான்.

இவ்வியந்திரத்தை நாம் வாங்கப் போவதில்லை. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பதே குற்றம். ஆனால் முறுக்கமுள்ள பித்தளையும் அம்மோனியாவும் நம் தோட்டங்களிலும் சந்திக்கின்றன. ரப்பர்ப் பால் உறையாமலிருக்க அம்மோனியா சேர்ப்பதைப் பால் ஸ்டோரில் நின்றவர் யாவரும் அறிவர்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், அம்மோனியாக் கரைசல் பீப்பாயின் இரும்புப் பைப்பு பழுதாயிற்று. அவசரத்துக்கு டவுனிலிருந்து ஒரு பித்தளைப் பைப்பு வாங்கிப் பூட்டினார்கள். அது சில மாதங்களில் வெடித்து, நின்ற தொழிலாளியின் கையிலும் கன்னத்திலும் கரைசல் பீறிட்டது. கண் தப்பியது. மேலிடத்துக்குச் சென்ற அறிக்கையை எழுதியவன் நான். ‘தொழிலாளி அளவுக்கு மிஞ்சி முறுக்கியமையால் பைப்பு உடைந்தது’ என்று சொன்னபடி எழுதினேன். பைப்பின் விலை அவர் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. உடைந்த பைப்பு என் மேசையில் காகிதத்துக்குப் பாரமாக நெடுநாள் கிடந்தது. கை படும் திருகில் பழுதில்லை. எவரும் முறுக்க முடியாத உடலில் மட்டும் மயிரிழை போன்ற பல வெடிப்புகள். அவற்றை நாள்தோறும் பார்த்தும் நான் காணவில்லை.

தோட்டாக் கூடுகளின் கதையைப் படித்த பிறகு அப்பைப்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இப்பொழுது ரெம்பியாவில் மகளோடு இருக்கிறார். வெடிப்புகளைக் காட்டி, குதிரை லாயத்தையும் சொன்னேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்போ நான் முறுக்கி உடைக்கலைன்னு அன்னைக்கே சொன்னேனே, கிராணி ஐயா.”

“சொன்னீர்கள், அண்ணே.”

“அந்தக் காகிதத்தை மாத்தி எழுத முடியுமா?”

அந்தத் தோட்டம் கைமாறிவிட்டது. பழைய பதிவேடுகள் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. அதைச் சொன்னேன். பைப்பைத் தாமே வைத்துக்கொள்வதாகக் கேட்டார், கொடுத்துவிட்டு வந்தேன்.