அடிக்கக் கூடாது என்று ஒரு பத்திரம்

1859 டிசம்பர் 18 இரவு, டூரினில் கைவிடப்பட்ட பையன்களுக்காகத் தொன் போஸ்கோ சாமியார் நடத்திய வால்தோக்கோ வீட்டில், அவருடைய அறையில் பதினெட்டுப் பேர் கூடியதை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். சலேசிய சபை பிறந்த இரவு அது. எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு ஏழு வருடம் முந்தைய ஒரு காகிதம் குறுக்கே வந்து நின்றுவிட்டது. அதைச் சொல்லாமல் அந்த அறைக்குள் நுழைய எனக்கு மனம் வரவில்லை.

1852 பிப்ரவரி மாதத்துப் பத்திரம். டூரினில் பட்டறை வைத்திருந்த ஒரு தச்சு ஆசாரி, மொந்தொவி ஊரிலிருந்து வந்த ஒரு பையன், பிணை நிற்கும் பையனின் அப்பா, இவர்களோடு தொன் போஸ்கோ. பையனுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுப்பதற்கான ஒப்பந்தம், அரசு முத்திரைத்தாளில் எழுதப்பட்டிருக்கிறது.

ஆசாரி ஒப்புக்கொண்டவற்றைப் பாருங்கள். பையனுக்குத் தொழிலை ஒளிக்காமல் கற்றுத்தர வேண்டும். தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலையை அவன் தலையில் கட்டக் கூடாது. அவன் உடம்பு தாங்காத சுமையை ஏற்றக் கூடாது. ஞாயிறும் திருநாளும் அவனுடையவை. கூலியை வாரா வாரம் கையில் கொடுக்க வேண்டும், பழகப் பழக அது ஏற வேண்டும். தப்புச் செய்தால் பெற்ற தகப்பன் மகனைத் திருத்துவதுபோல வாயால் சொல்லித் திருத்தலாம். கை நீட்டக் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனையை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். தொழில் பழக வந்த பையனை அடிப்பது உலகம் முழுக்க முதலாளியின் பிறப்புரிமையாக இருந்த காலம் அது. அடிபடாமல் வித்தை வராது என்று பெற்றவர்களே நம்பினார்கள். அப்போது ஒரு சாமியார், அடிக்க மாட்டேன் என்று ஒரு மேஸ்திரியிடம் எழுதி வாங்குகிறார். பாவம் என்று பிரசங்கம் செய்துவிட்டுப் போகவில்லை. கையெழுத்துப் போடு என்கிறார். தொன் போஸ்கோ செய்ததாகச் சொல்லப்படும் அற்புதங்கள் அத்தனையையும் ஒரு தட்டில் வைத்தாலும், என் தராசு இந்தக் காகிதத்தின் பக்கமே சாயும்.

இது தனிப் பத்திரம்கூட இல்லை. முந்தைய நவம்பரில், 1851-இல், ஒரு கண்ணாடித் தொழிலாளியோடு செய்துகொண்ட ஒப்பந்தம் இருக்கிறது. அதில் பையனுக்கு வருடத்துக்குப் பதினைந்து நாள் விடுமுறை. கூலியோடு, ஓய்வும் எழுத்தில் ஏறியிருக்கிறது.

ஏன் இதற்கெல்லாம் காகிதம்? பீட்மான்ட் நாட்டில் பழைய கைவினைஞர் சங்கக் கட்டுகளை 1844-இல் மன்னர் கார்லோ ஆல்பர்த்தோ கலைத்துவிட்டார். அந்தச் சங்கங்கள் புண்ணியவான்களின் கூட்டமில்லைதான். என்றாலும் மேஸ்திரிக்கும் பழக வந்தவனுக்கும் நடுவில் ஒரு விதி என்று இருந்தது. அது போனபின் முதலாளியும் பையனும் மட்டும் மிஞ்சினார்கள். ஆல்ப்ஸ் மலையடிவார ஊர்களிலிருந்து சுண்ணாம்புச் சட்டி தூக்கவும் புகைக்கூண்டு துடைக்கவும் இறங்கி வந்த பிள்ளைகளுக்கு டூரினில் கேட்க நாதியில்லை. கஃபாசோ சாமியாரோடு சிறைகளுக்குப் போய்வந்த நாட்களில் தொன் போஸ்கோ கண்டதை மூன்றாவது வாரத்தில் எழுதியிருக்கிறேன். வெளியே வந்த பையன் மறுபடி உள்ளே வருவான், ஏனென்றால் வெளியே அவனுக்கென்று யாரும் இல்லை. அந்த ‘யாரோ ஒருவர்’ வேலையிடத்திலும் வேண்டும் என்பதைத்தான் அவர் பத்திரமாக எழுதினார்.

டூரினில் தர்மம் செய்தவர்கள் குறைவில்லை. பரோலோ சீமாட்டியின் கை தாராளமான கை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் என் மருத்துவமனை வேலை வேண்டுமா, உன் பையன்கள் வேண்டுமா என்று 1846-இல் தொன் போஸ்கோவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதும் அதே சீமாட்டிதான். நகரக் காவல் பொறுப்பில் இருந்த மார்க்கீஸ் காவூருக்கு ஞாயிற்றுக்கிழமை தொன் போஸ்கோவிடம் விளையாட வந்த பையன்கள் கலகக்காரக் கும்பலாகத் தெரிந்தார்கள். சீமாட்டியையாவது புரிந்துகொள்ள முடிகிறது. மார்க்கீஸை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படி ஒரு நிபந்தனையை யோசிக்க, கூலிக்கு வேலை செய்த உடம்பு வேண்டும். பன்னிரண்டு வயதில் மொல்யா குடும்பத்தின் பண்ணையில் மாடு மேய்த்தவர் தொன் போஸ்கோ. காஸ்தெல்நுவோவில் படிக்கும்போது தங்கியிருந்தது ஒரு தையற்காரர் வீடு. ஊசி பிடிக்கக் கற்றது அங்கே. கியெரியில் ஒரு காப்பிக்கடையில் வேலை செய்துகொண்டே படித்தார், படுக்கை அங்கேயே ஓர் இடுக்கில். முதலாளி கூப்பிட்டால் ஓட வேண்டிய பையனின் அவசரம் அவர் காலுக்குத் தெரியும்.

பத்திரம் எழுதியதோடு அவர் நிற்கவில்லை. வார நாட்களில் பட்டறை பட்டறையாக, கட்டிடம் கட்டிடமாகப் போய்ப் பையன்களைப் பார்த்தார், மேஸ்திரிகளிடம் விசாரித்தார். சாமியார் எந்த நேரமும் வாசலில் வந்து நிற்பார் என்று தெரிந்த மேஸ்திரியின் கை கொஞ்சம் யோசிக்கத்தானே செய்யும்!

ஆனாலும் காகிதத்துக்கு ஓர் எல்லை உண்டு. பட்டறைக்குள் புழங்கும் பேச்சையும் பழக்கத்தையும் எந்த நிபந்தனையால் கட்டுப்படுத்துவது? பகலெல்லாம் அங்கே இருந்துவிட்டு ராத்திரி வால்தோக்கோவுக்குத் திரும்பும் பையன், காலையில் போன பையனாக இல்லை. ஆகவே 1853-இல் வீட்டுக்குள்ளேயே செருப்புத் தைக்கும் பட்டறையும் தையல் பட்டறையும் தொடங்கினார். செருப்புப் பட்டறைக்குக் கிடைத்த இடம் கோயில் மணிக்கூண்டை ஒட்டிய ஒடுங்கின நடை. முதல் நாள் அவரே பலகையில் உட்கார்ந்து, பையன்கள் பார்க்க, அடித்தோலைச் சுத்தியால் தட்டிக் காட்டினார். மறு வருடம் புத்தகம் கட்டும் பட்டறை, 1856-இல் தச்சு, அடுத்த சில வருடங்களில் அச்சகமும் கொல்லுப்பட்டறையும். இன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சலேசியத் தொழிற்பள்ளிக்கு அந்த ஒடுங்கின நடைதான் தாய்வீடு.

இந்தப் பட்டறைகளை நடத்த ஆள் வேண்டியிருந்தது. கூலிக்கு வந்த மேஸ்திரிகள் தங்கள் லாபத்தைப் பார்த்தார்கள். உதவிக்கு வந்த சாமியார்கள் வந்தார்கள், போனார்கள். தன் கண்ணுக்குப் பின்னாலும் அந்த நிபந்தனைகளைக் காப்பவர்கள் யார் என்ற கேள்வி அவரை விடவில்லை. 1859-இல் கிடைத்த பதில் வீட்டுக்குள்ளேயே இருந்தது: அவர் வளர்த்த பையன்கள்.

டிசம்பர் 18 இரவு ஒன்பது மணிக்குக் கூடியவர்களில் மூத்தவரென்று சொல்ல அலசொனாத்தி சாமியாரும் தொன் போஸ்கோவும்தான். மற்றவர்களில் பெரும்பாலோர் மீசை அரும்பிய இளைஞர்கள். அன்று எழுதி வைத்த குறிப்பிலும் கைவிடப்பட்ட பிள்ளைகளே முதன்மை. பின்னாளில் தொன் போஸ்கோவின் இடத்துக்கு வந்த மைக்கேல் ருவாவும் அந்த அறையில் இருந்தார். அப்போது அவருக்கு வயது 22, குருப்பட்டம்கூட இன்னும் ஆகவில்லை.

அடுத்த வாரம் அவரிடமிருந்து தொடங்குகிறேன்.