காங்கேசன்துறைச் சைடிங்

றிச்மண்ட் ஹில்லில் தண்டவாளத்துக்குக் குறைவில்லை. 1906 இல் கனேடியன் நோர்தேர்ன் கொம்பனி போட்ட பாதையில் இன்றைக்கும் நீள நீளமான கூட்ஸ் வண்டிகள் ஓடுகின்றன. என் வீட்டுக்குக் கேட்பவை எல்லாம் நில்லாமல் போகிறவை. சரக்கு ஏற்றாத, இறக்காத ரயிலை வெறுமனே சுற்றவிட எனக்கு மனமில்லை. அதனால் பேஸ்மென்ரில் மாதிரிப் பாதை போடும்போது காங்கேசன்துறையைத்தான் எடுத்தேன்.

அது இலங்கையின் வடக்குப் பாதையில் கடைசி நிலையம். 1950 இல் சீமெந்துத் தொழிற்சாலை வந்தபின்தான் அந்த முனைக்குக் கனம் கூடியது. சுண்ணாம்புக்கல் பக்கத்திலேயே கிடைத்தது. களிமண் முருங்கனில் இருந்து வரவேண்டும்: மன்னார்ப் பாதையால் மதவாச்சிக்கு வந்து, எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் பூட்டி, பிறகு வடக்கே. தெற்கிலிருந்து மாவும் சீனியும் வந்தன. திரும்பும் பெட்டிகளில் சீமெந்து போனது. சித்தப்பா அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். மூட்டை ஏற்றிவிட்டு வருகிறவர்களுக்குப் புருவம் முதலில் நரைக்கும் என்பார். என் பெட்டிகளின் கூரையில் சாம்பல் பவுடர் தூவியிருப்பது அதற்காகத்தான்.

கடைசி நிலையத்தில் சண்டிங், அதாவது பெட்டிகளைப் பிரித்து இடம் மாற்றுவது, சுலபமில்லை. முன்னால் இழுத்துவந்த எஞ்சின், பக்கத்து லூப் தடத்தால் சுற்றிப் பின்னால் வந்துதான் பெட்டிகளைச் சைடிங் என்ற சரக்குக் கிளைத் தடத்துக்குள் தள்ளவேண்டும். லூப் கொள்ளாத பெட்டிகளை ஒரேயடியாகத் தள்ளமுடியாது. இந்த விளையாட்டின் ருசியே அந்தச் சிக்கல்தான்.

இங்கே கடையில் விற்கும் 87 இல் ஒரு பங்கு அளவுத் தடத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். நம் நாட்டு அகலப் பாதை 1676 மில்லிமீற்றர்; அதே அளவில் குறுக்கினால் 19.3 வரும். ஆகவே தடத்தை நானே ஆணியடித்துப் போடுகிறேன்.

எஞ்சின் விஷயத்தில் அதிர்ஷ்டம் எனக்கு. 1954 முதல் கொழும்புத் திட்டத்தில் கனடா கொடுத்த எம்2 டீசல்கள், நான் இருக்கும் இதே ஒன்ராறியோவின் லண்டன் நகரில் ஜெனரல் மோட்டர்ஸ் கட்டியவை. 569 க்கு 'ஒன்ராறியோ' என்று பெயர். பின்னால் வந்த 628 க்கு 'காங்கேசன்துறை'. இரண்டையும் வைத்திருக்கிறேன்.

1990 இல் யுத்தத்தோடு ரயிலும் தொழிற்சாலையும் நின்றன. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை ரயில் மறுபடி வந்தது, பயணிகளோடு. தொழிற்சாலை திறக்கவில்லை, சைடிங்குக்கு வேலையுமில்லை. என் பலகையில் ஆண்டு 1972. அதற்குப் பிறகு வந்த எஞ்சினை யார் அன்பளிப்பாகத் தந்தாலும் ஓடவிடமாட்டேன்.