டிராக்டர் மாதிரி எண்கள்

டிராக்டரின் எஞ்சின் மூடியில் எழுதப்பட்டிருக்கும் எண், அதனைச் செய்த நிறுவனம் தன் வண்டிகளை ஒன்றினின்று ஒன்று பிரித்தறிவதற்கென இட்டுக்கொண்ட அடையாளமேயன்றி, எஞ்சினின் குதிரைசக்தியை எப்போதும் அறிவிப்பதன்று. சாமராஜநகர் ஜில்லாவில் அடங்கிய கோபிநத்தம் போன்ற எல்லைப்புறத் தமிழூர்களில், மேட்டூர்ப் பக்கத்து வண்டிக்கும் கொள்ளேகாலத்து வண்டிக்கும் விலை பேசி ஒப்பிடும் உழவருக்கு இவ்வேற்றுமை அற்ப விஷயமன்று.

ஆதியில் எண் சக்தியையே குறித்தது. அமெரிக்காவின் மக்கார்மிக்-டீரிங் 15-30 என்ற பெயரில், முன்னெண் கலப்பையை இழுக்கும் சக்தியையும், பின்னெண் பெல்ட் மாட்டி இயந்திரம் ஓட்டும் சக்தியையும் சொல்லின. ஆயினும் விளம்பரத்தில் மிகைப்படுத்திய வண்டிகளும் இருந்தமையால், நெப்ராஸ்கா மாநிலம் 1919-இல் டிராக்டர்களைச் சோதித்தே விற்க வேண்டும் என்று சட்டம் இயற்றிற்று.

பிற்காலத்தில் எண் வம்சப் பெயராயிற்று. மாஸி பெர்குசன் 35 என்ற வண்டியின் எண், 1964-இல் 135 ஆகி, 1960-இல் தோன்றிய சென்னை டாஃபே நிறுவனத்தின் கைகளில் 1035 என நீண்டது. அதன் சக்தி இன்று 36. இங்கே கடைசி இரண்டு இலக்கங்களை நம்பலாம். ஆனால் அதே நம்பிக்கையோடு 241 என்ற எண்ணை அணுகுவோர் திகைப்பர். மாஸி 241 மூன்று சிலிண்டரும் 42 குதிரைசக்தியும் உடையது. ஐஷர் 241 ஒற்றைச் சிலிண்டரும் 25 குதிரைசக்தியும் உடையது. முன்னதில் பின்னிரண்டு இலக்கங்களும், பின்னதில் முன்னிரண்டு இலக்கங்களும் சக்திக்கு அருகே நிற்கின்றன. 2005-இல் ஐஷரின் டிராக்டர் தொழிலை டாஃபே வாங்கிவிட்டபடியால், இப்பொழுது ஒரே குடும்பத்துக்குள்ளேயே ஒரே எண் இருவேறு வண்டிகளைக் குறிப்பது விநோதமே.

மகிந்திராவின் 275 என்பது இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் பி-275 விட்டுச்சென்ற எண். 39 குதிரைசக்தி உடைய மகிந்திரா 275-க்கு மேலே 475, 575 என்பவை ஏறுபடிகளேயன்றி அளவைகளல்ல. சுவராஜ் 724-இல் 24 ஏறத்தாழப் பொருந்தும். 744-ஓ 48 குதிரைசக்தியோடு விற்கப்படுகிறது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட எச்.எம்.டி.யின் 2511, 5911 என்பவற்றில் முதலிரண்டு இலக்கங்களைப் படிக்கவேண்டும். ஜான் டீர் 5050டி என்பதிலோ, முதல் 5 வரிசையையும், எழுத்துக்கு முன்னுள்ள 50 குதிரைசக்தியையும், எழுத்து வண்டியின் தரநிலையையும் காட்டும். எண்ணைத் தொடரும் டி.ஐ. என்பது டீசலை எரியறைக்குள் நேரே பீய்ச்சும் முறை. இக்காலத்து டிராக்டர்களில் அது சாதாரணமாகிவிட்டமையால், அதனைச் சிறப்பாகக் கருத வேண்டுவதில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. விளம்பரத்தில் சொல்லப்படுவது எஞ்சினின் சக்தி. ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு வந்துசேர்வதோ, கியர்களில் கழிந்தது போக எஞ்சியதே. ஆகையால் 36 என்று சொல்லப்படும் வண்டிக்கு 36 கேட்கும் கருவியை மாட்டுதல் தகாது. மத்தியப் பிரதேசத்தின் பூட்னியிலுள்ள மத்திய அரசுச் சோதனை நிலையத்தின் அறிக்கைகளில் இவ்விரண்டு அளவுகளும் தனித்தனியே தரப்பட்டுள்ளன. பழைய வண்டி வாங்குவோர் மூடியில் எழுதியிருப்பதைப் பாராமல், பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் கொள்ளளவையும் அவ்வறிக்கையையும் ஒப்பிட்ட பிறகே முன்பணம் கொடுப்பது உசிதம்.