வேலியே பயிரை மேய்ந்த கதை (அலர்ட் முதல் கன்சோல்.லாக் வரை)

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சிட்டு இருந்த மேட்டர் இது. ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் தலைவெச்சுப் படுக்காதவங்களும் தைரியமா படிக்கலாம். கதைதான்.

1995-ல நெட்ஸ்கேப்புக்காக பிரெண்டன் ஐக் பத்தே நாள்ல ஜாவாஸ்கிரிப்ட்டோட முதல் வடிவத்தை எழுதினார். அதுல தப்பு கண்டுபிடிக்க நமக்கு வாய்ச்ச ஆயுதம் 'அலர்ட்'. "இதுவரைக்கும் வந்துட்டேன்"னு ஒரு பெட்டி குதிக்கும், ஓகே அமுக்கணும். தெரியாத்தனமா லூப்புக்குள்ள வெச்சுட்டா நூறு தடவை அமுக்கணும், இல்லைன்னா டாஸ்க் மேனேஜரைக் கூப்பிட்டு பிரவுசரையே சாகடிக்கணும். அதைவிடக் கொடுமை, பெட்டி நிக்கிற வரைக்கும் ஸ்கிரிப்ட்டும் நிக்கும். எது முதல்ல ஓடுதுங்கிற குழப்பத்தால வர்ற தப்பெல்லாம் அலர்ட் போட்டா ஓடி ஒளிஞ்சுக்கும், எடுத்தா திரும்ப வந்து நிக்கும்!

2006 ஜனவரியில ஜோ ஹெவிட், ஃபயர்ஃபாக்ஸுக்காக ஃபயர்பக்கை வெளியிட்டார். சாபவிமோசனம்னுதான் சொல்லணும். கன்சோல்.லாக்னு ஒரு வரி போட்டா போதும். பெட்டி வராது, பக்கம் நிக்காது, கீழே ஒரு பலகையில வரிசையா எழுதிட்டே போகும். 2008-ல வந்த குரோம், 2009-ல வந்த ஐஇ8 எல்லாமே அதே பேரை எடுத்துக்கிட்டாங்க.

ஐஇ8-லதான் வந்தது வில்லங்கம். எஃப்12 அமுக்கி டெவலப்பர் டூல்ஸைத் திறந்தாத்தான் அதுல 'கன்சோல்'ங்கிற பொருளே பிறக்கும். ஐஇ9-லயும் அதே கதைதான். திறக்கலைன்னா, கன்சோல்.லாக் வரி வந்ததும் ஸ்கிரிப்ட் அங்கேயே மண்டையைப் போட்டுடும்.

இதுல நாங்க பட்ட பாடு இருக்கே! அப்போ நான் இருந்த ஆபீஸ்ல ஒரு சின்னப் பையன் விண்ணப்பப் படிவம் ஒண்ணு எழுதினான். வாடிக்கையாளர்கிட்ட 'சேமி' பட்டன் வேலை செய்யலை. நாங்க எஃப்12 தட்டிப் பார்த்தா, ஜம்முனு வேலை செய்யுது. மூணு நாள் இதே கண்ணாமூச்சி. "டெஸ்ட் பண்ணாமலே அனுப்பிட்டான்"னு மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் அவனுக்கு அர்ச்சனை. நானும் தலையாட்டிட்டு உக்காந்திருந்தேன். கடைசியில பார்த்தா, எல்லாரையும்விட அதிகமா டெஸ்ட் பண்ணது அவன்தான். டூல்ஸைத் திறந்து வெச்சே பண்ணியிருக்கான். ஜாக்கிரதைக்குன்னு போட்ட ஒத்தை லாக் வரிதான் அவனைக் கவுத்துடுச்சு. வரியை எடுத்தோம், பட்டன் சரியாச்சு. அவன்கிட்ட யாரும் மன்னிப்பு கேக்கலை, நான் உட்பட.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் குட்டிக் குட்டி லாகிங் கருவிங்க முளைச்சுது. யோசனை ரொம்பச் சிம்பிள். கன்சோல் இருக்கா? செய்தியை அங்கே அனுப்பு. இல்லையா? சத்தம் போடாம இரு. பென் ஆல்மன் எழுதின 'ஜாவாஸ்கிரிப்ட் டீபக்' இந்த ரகம்தான். செய்தியோட முக்கியத்துவத்தைப் பொறுத்து எதைக் காட்டணும், எதை மறைக்கணும்னு அதுலயே சொல்லிடலாம். எச்டிஎம்எல்5 பாய்லர்பிளேட்ல கன்சோல் இல்லாத பிரவுசருக்குன்னே ஒரு வெத்து கன்சோலைச் சேர்த்துக் கொடுத்தாங்க.

சர்வர் பக்கம் நோட் வந்தப்போ, 2011-ல டிஜே ஹோலோவேசக் 'டீபக்'னு இன்னொரு குட்டியை எழுதினார். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பேர், ஒரு கலர். எந்தப் பேரைக் கேக்குறோமோ அது மட்டும் பேசும். கைக்கடக்கமா இருந்ததால ஆயிரக்கணக்கான பேக்கேஜுக்குள்ள புகுந்துடுச்சு.

அங்கேயும் வேலி பயிரை மேய்ஞ்சது. 2025 செப்டம்பர் 8 அன்னிக்கு அதைப் பராமரிக்கிறவருக்கு என்பிஎம் அனுப்பின மாதிரியே ஒரு போலி மெயில். நம்பி பாஸ்வேர்டைக் கொடுத்துட்டார். டீபக், சாக் உட்பட 18 பேக்கேஜ்ல கிரிப்டோ பணத்தைத் திருப்பிவிடுற கோடு ஏறிடுச்சு. அதுங்களோட வாராந்திர டவுன்லோடு மொத்தமா 200 கோடிக்கு மேல! சில மணி நேரத்துல பிடிச்சுட்டாங்க, தப்பிச்சோம்.

ஃபயர்பக் 2017-லயும் ஐஇ 2022-லயும் விடைபெற்றாச்சு. கன்சோல் இப்போ எல்லா பிரவுசர்லயும் எப்பவும் இருக்கு. ஆனாலும் "என் மெஷின்ல வேலை செய்யுதே"ன்னு யாராவது சொன்னா, இப்பெல்லாம் நான் சிரிக்கிறதில்லை. டூல்ஸை மூடிட்டு ஒருவாட்டி ஓட்டிப் பார்ப்பேன்.

தம்பி, இதை நீ படிச்சா... தப்பு உன்னுது இல்லைப்பா.