மயக்கம் என்னும் ஒரு சொல்: மருத்துவ ஆய்வுக்கான திறமூல மென்பொருளில் கலைச்சொல் மேலாண்மை

ஆய்வுச் சுருக்கம்

மருந்துச் சோதனையில் நோயாளி தன் உடல்நிலையைத் தமிழில் சொல்கிறார்; அது ஆங்கிலத்தில் கணினி ஏறுகிறது. இடையே நடக்கும் மொழிபெயர்ப்புக்கு எந்தப் பதிவும் இல்லை. சேலம், நாமக்கல் சமவெளியின் பேச்சு வழக்கைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இரண்டு கருத்துகளை முன்வைக்கிறது. ஒன்று, நோயாளி சொன்ன சொல்லே முதலில் பதிய வேண்டும். மற்றொன்று, அந்தச் சொல்லோடு இணைக்க வேண்டியது நேரான ஆங்கிலச் சொல்லை அல்ல, கேட்க வேண்டிய கேள்விகளை. இதற்கான இடம் திறமூல மென்பொருள்களில் ஏற்கெனவே இருக்கிறது.

1. சிக்கல்

இரத்த அழுத்த மருந்து ஒன்றின் சோதனையில் சேர்ந்திருக்கும் பெண்மணி ஒருவர், ராசிபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாதப் பரிசோதனைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "மாத்திரை போட்டதுல இருந்து மயக்கமாவே வருதுங்க" என்கிறார். ஆய்வு ஒருங்கிணைப்பாளரும் இந்த ஊர்க்காரர்தான். கேட்டது அவருக்குப் புரிகிறது. திரையில் பக்க விளைவுக்கான கட்டத்தில் 'கிடினெஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டுகிறார். நம் மருத்துவமனைகளில் நாள்தோறும் புழங்கும் சொல் அது. அடுத்த நோயாளி உள்ளே வருகிறார்.

அந்தப் பெண்மணி சொன்ன 'மயக்கம்' எது? தலை சுற்றியதா, நினைவு தப்பி விழுந்தாரா, எழுந்து நின்றபோது கண்ணைக் கட்டிக்கொண்டு வந்ததா? தமிழில் இந்த மூன்றையும் ஒரே சொல்லால் சொல்லலாம். மருந்துச் சோதனைகளில் பக்க விளைவுகளைக் குறியிட உலகெங்கும் பயன்படும் மெட்ரா அகராதியில் இவை வெவ்வேறு கருத்துகள். 'கிடினெஸ்' என்பது அங்கே 'டிஸினெஸ்' என்னும் சொல்லின் கீழ் நரம்பு மண்டலக் கோளாறுகளில் சேரும். சுற்றியிருப்பவை சுழல்வதாகத் தோன்றும் 'வெர்டிகோ' காது சார்ந்த கோளாறுகளில் சேரும். நினைவு தப்பி விழும் 'சின்கோப்' தனிச் சொல்.

இரத்த அழுத்த மருந்தில் இந்த வேறுபாடு உயிர் சார்ந்தது. தலை கிறுகிறுத்தால் மருந்தின் அளவைக் கவனித்தால் போதும். நினைவு தப்பி விழுந்திருந்தால் அது கடுமையான பாதக நிகழ்வாக இருக்கக்கூடும். அப்படிப்பட்ட நிகழ்வை ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகள் கூறுகின்றன. அந்தக் கடமை தொடங்குமா தொடங்காதா என்பது ஒருங்கிணைப்பாளர் மனத்துக்குள் நொடிப் பொழுதில் நடக்கும் மொழிபெயர்ப்பைப் பொறுத்திருக்கிறது.

'மயக்கம்' மட்டும் இப்படி இல்லை. "சூடு புடிச்சுக்கிச்சு" என்று ஒருவர் சொன்னால், அவர் பெரும்பாலும் சிறுநீர் எரிச்சலைச் சொல்கிறார். ஊர் வழக்கு அறியாதவர் அதைக் காய்ச்சல் என்றோ உடற்சூடு என்றோ எழுதிவிடுவார். 'வாய்வு' என்றால் வயிற்று உப்புசமும் ஆகும், மூட்டுப் பிடிப்பும் ஆகும்.

2. தரநிலை கேட்பதும் நாம் கொடுப்பதும்

தரப்படுத்திய கலைச்சொற்கள் நோயாளியின் சொல்லை விழுங்கிவிடுகின்றன என்று குறை சொல்வது சரியன்று. மருத்துவ ஆய்வுத் தரவுக்குத் தரநிலை வகுக்க 1997இல் உருவான சிடிஸ்க் அமைப்பின் தரவு வடிவத்தில் பாதக நிகழ்வுக்கு இரண்டு தனித்தனி இடங்கள் உண்டு. முதல் கட்டம் சொன்னது சொன்னபடி எழுதுவதற்கு. அடுத்தது அதற்கு அகராதி தரும் தரச்சொல்லுக்கு. குறியீடு திருத்தப்பட்டாலும் முதல் கட்டம் மாறாது. சொன்னதும் புரிந்துகொண்டதும் வேறுவேறு என்பதைத் தரநிலை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

சொன்னது சொன்னபடி இருக்க வேண்டிய அந்தக் கட்டத்தில் நாம் மொழிபெயர்ப்பை எழுதுகிறோம். தவறு அங்கேதான் நுழைகிறது. மருத்துவ ஆய்வுத் தரவுக்கு உலகம் ஏற்றுள்ள நெறிகளில் ஒன்று, அது மூலப் பதிவாக இருக்க வேண்டும் என்பது. 'கிடினெஸ்' மூலம் அல்ல. மூலம் 'மயக்கமாவே வருதுங்க' என்பதே. அது அந்த அறையிலேயே காற்றில் கரைந்துவிட்டது. பிறகு குறியிடுபவர் எவ்வளவு திறமைசாலியானாலும், தொலைந்துபோன சொல்லை மீட்க அவருக்கு வழியில்லை.

நோயாளி ஆய்வில் சேரும்போது கையெழுத்திடும் ஒப்புதல் படிவம் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று நம் நெறிமுறைகள் வற்புறுத்துகின்றன. ஆகவே அவரிடம் நாம் சொல்வது தமிழில் இருக்கிறது. அவர் நம்மிடம் சொல்வதும் தமிழில் இருக்க வேண்டும் என்று கேட்பதே நியாயம்.

3. சேலத்தில் தொடங்கிய ஒரு முயற்சி

கலைச்சொல்லை ஒழுங்குபடுத்தும் முயற்சி இந்த மண்ணுக்குப் புதிதன்று. சேலத்தில் வழக்கறிஞராக இருந்த ராஜாஜி 1916இல் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தை உருவாக்கினார். தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானியல், கணிதம் ஆகிய துறைகளுக்குத் தமிழ்ச் சொற்களை அமைப்பது அதன் பணி. பாரதியார் அந்த முயற்சியைப் பற்றிச் 'சுதேசமித்திரன்' இதழில் எழுதினார். அதற்கும் முன்பே, 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவத்தைக் கற்பித்து, அதற்கான நூல்களையும் சொற்களையும் ஆக்கினார்.

அந்த முன்னோடிகளின் வேலை ஒரு திசையில் சென்றது: ஆங்கிலத்தில் ஒரு கருத்து, அதற்குத் தமிழில் ஒரு சொல். பாடநூலுக்கு அது பொருந்தும், ஏனெனில் அங்கே பேசுபவர் ஆசிரியர். மருந்துச் சோதனையில் பேசுபவர் நோயாளி. அவர் சொல் முன்னால் வருகிறது, கருத்து பின்னால் தேடப்படுகிறது. ஒரு கருத்துக்குப் பல சொற்களும் ஒரு சொல்லுக்குப் பல கருத்துகளும் இருப்பது இங்கே இயல்பு. ஆகவே 1916இன் உழைப்பு இன்று எதிர்த் திசையிலும் தொடர வேண்டும்.

அண்மையில் தமிழ் மருத்துவச் சொற்களுக்கு உலக அளவில் ஓரிடம் கிடைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11இன் மரபு மருத்துவப் பகுதியில் ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றோடு சித்த மருத்துவத்தையும் சேர்த்த தொகுதி 2024 ஜனவரியில் வெளியானது. மகிழ வேண்டிய செய்தி இது. ஆனாலும் குறியீடு பெற்றவை வைத்தியரின் சொற்கள். நோயாளியின் சொல் இன்னும் வெளியேதான் நிற்கிறது.

4. மாறும் பெயர், மாறாத அடையாளம்

கலைச்சொல் மேலாண்மையின் அடிப்படை விதியை நம் மாவட்ட வரலாற்றைக் கொண்டே விளக்கலாம். 1965இல் தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்தது. 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. ராசிபுரத்துக்காரர் ஒருவரை 1995இல் ஓர் ஆய்வு பதிவு செய்திருந்தால் அவர் மாவட்டம் சேலம். 2000இல் பதிவு செய்திருந்தால் நாமக்கல். அவர் வீடு நகரவில்லை. பழைய பதிவில் 'சேலம்' என்பதை அழித்து 'நாமக்கல்' என்று எழுதினால் அந்த ஆண்டின் உண்மை கெடும். திருத்தாமலும் தொடர்புபடுத்தாமலும் விட்டால் இரண்டு பதிவுகளையும் சேர்த்து எண்ண முடியாது. ஊருக்கு மாறாத அடையாள எண், பெயருக்குக் காலமும் பதிப்பும், பழைய பெயரை நீக்காமல் 'வழக்கொழிந்தது' என்ற குறிப்பு ஆகிய மூன்றும் வேண்டும்.

ஜேம்ஸ் சிமினோ 1998இல் மருத்துவச் சொற்றொகுதிகளுக்கு வகுத்த நெறிகளின் சாரமும் இதுவே: கருத்துக்கு நிலையான, பொருள் ஏற்றப்படாத எண் வேண்டும், ஒருமுறை வந்த கருத்து அழிக்கப்படக் கூடாது. மெட்ரா ஆண்டுக்கு இருமுறை புதிய பதிப்பாக வருகிறது. சிடிஸ்க் சொற்பட்டியல்கள் காலாண்டுதோறும் புதுப்பிக்கப்படுகின்றன. ஐந்தாண்டு நடக்கும் ஆய்வு ஒன்று எந்தப் பதிப்பில் குறியிட்டது என்று எழுதி வைக்காவிட்டால் அதன் எண்ணிக்கைகளை நம்ப முடியாது.

5. திறமூல மென்பொருளில் உள்ள இடம்

இந்த வேலைக்குத் திறமூல மென்பொருள் ஏற்றது என்பதற்கு மூன்று சான்றுகள் தருகிறேன்.

ஆய்வுத் தரவைப் பதியும் மென்பொருளான ஓப்பன் கிளினிக்காவின் பழைய பதிப்புகளில் ஆய்வுப் படிவம் ஓர் எக்செல் தாளாகத் தயாராகிறது. அதில் ஒரு நெடுவரிசை திரையில் தெரியும் விடைகளுக்கு, இன்னொன்று தரவுத்தளத்தில் சேமிக்கும் மதிப்புகளுக்கு. முதலாவதில் 'ஆம், இல்லை' என்று தமிழில் எழுதி, இரண்டாவதில் சிடிஸ்க் கேட்கும் 'ஒய், என்' எழுத்துகளைத் தரலாம். விடைகளைப் பிரிப்பது காற்புள்ளி. 'மயக்கம், வாந்தி' என்பதை ஒரே விடையாக எழுத விரும்பினால், காற்புள்ளிக்கு முன் பின்சாய்கோடு இட வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருள் அதை இரண்டு விடைகளாக எண்ணும். மதிப்புகளின் எண்ணிக்கையோடு பொருந்தாமல் படிவத்தை ஏற்க மறுக்கும். தமிழ்ப் படிவம் செய்ய முனைபவர் இத்தகைய சின்ன இடங்களில்தான் முதலில் தடுக்கி விழுகிறார்.

ஓப்பன் எம்ஆர்எஸ் 2004இல் தொடங்கிய மருத்துவப் பதிவு மென்பொருள். அதன் கருத்தகராதியில் ஒவ்வொரு கருத்துக்கும் மொழிவாரியாக முழுப்பெயர், இணைப்பெயர், தேடுசொல் ஆகியவற்றைத் தரலாம். முழுப்பெயர் ஒரு மொழிக்குள் ஒரே கருத்துக்கு உரியது. தேடுசொல்லுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எனவே 'மயக்கம்' என்பதை எந்த ஒரு கருத்துக்கும் முழுப்பெயராக வைக்காமல், மூன்று கருத்துகளுக்கும் தேடுசொல்லாக வைக்கலாம். வெளி அகராதிகளோடு இணைக்கும்போதும் 'அதுவே', 'அதைவிடக் குறுகியது', 'அதைவிட விரிந்தது' என்று உறவின் தன்மையைச் சுட்ட முடியும்.

நோவோ நோர்டிஸ்க் நிறுவனம் 2022இல் திறமூலமாக வெளியிட்ட ஓப்பன் ஸ்டடி பில்டர் என்னும் ஆய்வு வடிவமைப்பு மென்பொருள் ஒவ்வொரு சொல்லுக்கும் வரைவு, இறுதி, ஓய்வு என்ற நிலைகளையும் பதிப்புகளையும் காக்கிறது. சிடிஸ்க் தரும் சொல்லோடு, ஆய்வு நடத்துபவர் விரும்பும் பெயரையும் சேர்த்து வைக்கிறது. பெயரின் இடம் திறந்திருக்கும்போது அங்கே தமிழும் அமரலாம்.

ஒரு தடையும் உண்டு. மெட்ராவுக்கு உரிமம் பெற வேண்டும். மென்பொருளோடு சேர்த்து அதை இலவசமாகத் தர முடியாது. அது பல மொழிகளில் வந்தாலும் இந்திய மொழி எதிலும் இல்லை. மாறாக, ஸ்னோமெட் சிடி என்னும் மருத்துவச் சொற்றொகுதியைப் பராமரிக்கும் அமைப்பில் இந்தியா 2014 முதல் உறுப்பு நாடு. நாட்டுக்குள் அந்தத் தொகுதியைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஆகவே நோயாளிகளின் தமிழ்ச் சொற்களைத் தொகுத்த ஓர் அடுக்கை ஸ்னோமெட் எண்களோடு இணைத்துப் பொதுவில் வெளியிடுவதும், மெட்ரா இணைப்பை உரிமம் உள்ளவர்கள் தத்தம் இடத்தில் செய்துகொள்வதுமே நடைமுறை வழி.

6. முன்மொழிவு: சொல்லுக்குக் கேள்வி

நான் வேண்டும் தமிழ் அடுக்கு இருமொழி அகராதி அன்று. 'மயக்கம்' என்ற பதிவு அதில் இப்படி இருக்கும். வழக்குகள்: மயக்கமா வருது, கண்ணைக் கட்டுது, தலை சுத்துது, கிறுகிறுன்னு வருது. கேட்க வேண்டியவை: சுற்றியிருப்பவை சுழன்றனவா? நினைவு தப்பியதா, அதை யாராவது பார்த்தார்களா? எழுந்து நிற்கும்போது மட்டும் வருகிறதா? சாப்பிடாமல் இருந்த வேளையா? ஒவ்வொரு விடையும் எந்தக் கருத்தின் பக்கம் சாய்கிறது என்ற குறிப்பு அடுத்து வரும். முடிவு ஆய்வு மருத்துவருடையது; மென்பொருள் தானாகக் குறியிடாது.

இதற்கு மூன்று மறுப்புகள் எழலாம். தமிழில் பதிந்தால் வெளிநாட்டில் இருந்து தரவைச் சரிபார்ப்பவருக்குப் புரியாது என்பது முதலாவது. தமிழ் மூலத்துக்குப் பக்கத்திலேயே ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கும். மொழிபெயர்த்தவர் யார், எப்போது என்பதும் தணிக்கைத் தடத்தில் நிற்கும். இன்று அந்தத் தடமே இல்லை.

இரண்டாவது, கேள்வி கேட்டால் நோயாளியின் வாயில் நாமே சொல்லைப் போட்டுவிடுவோம் என்ற அச்சம். இது வலுவான மறுப்பு. அதனால்தான் வரிசை முக்கியம்: அவர் தாமாகச் சொன்னது முதலில் பதிந்து பூட்டப்பட வேண்டும், கேள்விகள் அதன் பிறகே திறக்க வேண்டும். எது தானாக வந்தது, எது கேட்டு வந்தது என்று பிறகு பிரித்தறியலாம்.

மூன்றாவது, ஊருக்கு ஊர் வழக்கு மாறும்போது இந்தப் பட்டியலுக்கு எல்லை எங்கே என்பது. பொருள் தெளிவான சொற்களுக்கு இந்த ஏற்பாடு தேவையில்லை. இருமல், வாந்தி, காய்ச்சல் ஆகியவற்றில் குழப்பம் குறைவு. பல கருத்துகளுக்குப் போகும் சொற்களை மட்டும் எடுத்து, எந்த வட்டாரத்தில் கேட்டது என்ற குறிப்போடு தொடங்கினால் போதும். திறமூலப் பட்டியலில் மதுரைக்காரரும் யாழ்ப்பாணத்தாரும் தம் வழக்கைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள்.

7. முடிவுரை

இந்த வேலைக்கு வேண்டியவர்கள் இந்தச் சமவெளியிலேயே இருக்கிறார்கள். சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. சேலம், நாமக்கல் கல்லூரிகளை இணைக்கும் பெரியார் பல்கலைக்கழகம் உண்டு. ஆத்தூரிலும் திருச்செங்கோட்டிலும் எடப்பாடியிலும் நோயாளிகளின் பேச்சை நாள் முழுதும் கேட்கும் செவிலியர்கள் உண்டு. தமிழ்த் துறையும் மருத்துவத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து, முதல் நூறு சொற்களைக் கேள்விகளோடு தொகுத்துத் திறமூலமாக வெளியிட வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலையும் இருக்கிறது. ஆய்வு ஒருங்கிணைப்பாளர்களே, நோயாளி சொன்ன வாக்கியத்தை நாளை முதல் தமிழிலேயே எழுதி வையுங்கள். ஆங்கிலம் அதற்கு அடுத்த வரியில் வரட்டும்.