டேட்டாவே தேவையில்லை... ஆனாலும் டேட்டா பிளானா? உங்கள் பேச்சுக்கு ஏற்ற ரீசார்ஜ் எது? முழு விவரம்

ஊரில் இருக்கும் அம்மாவிடம் பட்டன் போன். சென்னையில் வேலை பார்க்கும் மகன் மாதா மாதம் தவறாமல் அதற்கு ரீசார்ஜ் செய்கிறார். ஆப்பைத் திறந்ததும் முதலில் கண்ணில் படும் பிளான், ஒரு நாளைக்கு 1.5 ஜிபி டேட்டா. அதையே போட்டுவிடுகிறார். அம்மாவுக்கு இன்டர்நெட் என்றால் என்னவென்றே தெரியாது. போன் வந்தால் எடுப்பார், மகனுக்கும் தங்கச்சிக்கும் பேசுவார், அவ்வளவுதான். அந்த டேட்டா தினமும் நள்ளிரவில் தானாகக் காலாவதியாகிறது. காசு மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.

ஏதோ ஒரு மாதம் மறந்துபோனால் நிலைமை வேறு. முதலில் அவுட்கோயிங் கட். சில நாளில் இன்கமிங்கும் கட். பேங்க் ஓடிபி, கேஸ் புக்கிங், ரேஷன் கடை மெசேஜ் எல்லாமே அந்த ஒரே நம்பரை நம்பித்தான் இருக்கின்றன.

சரி, எவ்வளவு பேசுகிறோம், எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று பார்த்து பிளானைத் தேர்வு செய்வது எப்படி? விதிகள் என்ன சொல்கின்றன? பார்க்கலாம்.

முதல்ல உங்க கணக்கைப் பாருங்க

கடைக்காரர் சொல்லும் பிளான், பக்கத்து வீட்டுக்காரர் போட்ட பிளான் எல்லாம் அப்புறம். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது மூன்று விஷயங்கள்.

1. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பேசுகிறீர்கள்? பட்டன் போனிலும் 'கால் டைமர்' என்ற வசதி இருக்கும். ஸ்மார்ட்போன் என்றால் அழைப்புப் பட்டியலைப் பார்த்தாலே போதும்.

2. மாதத்துக்கு எவ்வளவு மொபைல் டேட்டா செலவாகிறது? போனின் செட்டிங்ஸில் டேட்டா பயன்பாடு என்ற பகுதியில் இது துல்லியமாகத் தெரியும். வைஃபையில் ஓடியது இந்தக் கணக்கில் வராது. வீட்டிலும் ஆபீஸிலும் வைஃபை இருப்பவர்கள் இதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். தினம் 1.5 ஜிபி வாங்கிவிட்டு, மாதம் முழுவதற்கும் சேர்த்தே 2 அல்லது 3 ஜிபிதான் பயன்படுத்தியிருப்பார்கள்.

3. நீங்கள் எஸ்எம்எஸ் அனுப்புகிறீர்களா? பெரும்பாலானோர் இல்லை என்பார்கள். ஆனால் யுபிஐ ஆப்பை புதிய போனில் பதிவு செய்யும்போது, உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் வெளியே போக வேண்டும். பிளானில் எஸ்எம்எஸ் இல்லை, பேலன்ஸும் இல்லை என்றால் அந்த இடத்திலேயே பதிவு நின்றுவிடும். ஓடிபி போன்ற உள்வரும் மெசேஜுக்குக் கட்டணம் கிடையாது.

மாத விலையைப் பார்க்காதீங்க, நாள் விலையைப் பாருங்க

'மாத பிளான்' என்று நாம் சொல்லும் பலவற்றின் வேலிடிட்டி 28 நாள்தான். 28 நாள் பிளானை 13 முறை போட்டால்தான் 364 நாள் வரும். அதாவது ஒரு வருடத்துக்கு 12 ரீசார்ஜ் இல்லை, 13 ரீசார்ஜ்.

இது பற்றிப் புகார்கள் எழுந்ததால்தான், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2022 ஜனவரியில் ஓர் உத்தரவு போட்டது. ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் வேலிடிட்டி உள்ள பிளானையும், ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பிளானையும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். சம்பளத் தேதியை ஒட்டி ரீசார்ஜ் செய்ய நினைப்பவர்கள் இதைக் கேட்டு வாங்கலாம்.

எந்த பிளானாக இருந்தாலும், விலையை வேலிடிட்டி நாட்களால் வகுத்துப் பாருங்கள். அந்த ஒரு நாள் விலைதான் உண்மையான விலை.

உதாரணத்துக்கு, 2024 ஜூலை விலை உயர்வுக்குப் பிறகு ஜியோவின் தினம் 1.5 ஜிபி, 28 நாள் பிளான் 299 ரூபாய். ஒரு நாளைக்கு சுமார் 10 ரூபாய் 68 காசு. 13 முறை போட்டால் 3,887 ரூபாய். அதே சமயத்தில் ஏர்டெல்லின் 28 நாளுக்கு மொத்தம் 2 ஜிபி பிளான் 199 ரூபாய். ஒரு நாளைக்கு சுமார் 7 ரூபாய் 11 காசு. 13 முறைக்கு 2,587 ரூபாய்.

பேச மட்டும் தனி பிளான்: 2024 டிசம்பரில் வந்த மாற்றம்

டேட்டா வேண்டாம், பேசினால் போதும் என்பவர்களுக்காக ட்ராய் 2024 டிசம்பரில் விதியைத் திருத்தியது. ஒவ்வொரு நிறுவனமும் அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான ஒரு பேக்காவது கொடுத்தே ஆக வேண்டும். இப்படிப்பட்ட சிறப்பு வவுச்சர்களின் அதிகபட்ச வேலிடிட்டியும் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தப்பட்டது.

இதையடுத்து 2025 ஜனவரியில் பிளான்கள் வந்தன. முதலில் அறிவித்த விலையை நிறுவனங்கள் சில நாட்களிலேயே குறைத்தன. குறைத்த பிறகு ஜியோவில் 84 நாளுக்கு 448 ரூபாய், 336 நாளுக்கு 1,748 ரூபாய். ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849 ரூபாய். எல்லாவற்றிலும் அன்லிமிடெட் அழைப்பு, குறிப்பிட்ட எண்ணிக்கையில் எஸ்எம்எஸ், டேட்டா கிடையாது.

இங்கேயும் நாள் கணக்கு முக்கியம். 1,748 ரூபாய் குறைவாகத் தெரியும். ஆனால் அது 336 நாளுக்குத்தான், ஒரு நாளைக்கு சுமார் 5 ரூபாய் 20 காசு. 1,849 ரூபாய் 365 நாளுக்கு, ஒரு நாளைக்கு சுமார் 5 ரூபாய் 7 காசு. பார்க்க விலை கூடுதலாக இருப்பதுதான் கணக்கில் சற்று மலிவு.

ஊரில் இருக்கும் அம்மாவின் கணக்குக்கு வருவோம். தினம் 1.5 ஜிபி பிளானில் வருடத்துக்கு 3,887 ரூபாய். பேச மட்டுமான ஒரு வருட பிளானில் 1,849 ரூபாய். மிச்சம் 2,038 ரூபாய். அதைவிட முக்கியம், வருடத்துக்கு ஒரு முறை போட்டால் போதும். மறந்துபோய் போன் கட் ஆகும் பிரச்னையே இல்லை.

விலைகள் அவ்வப்போது மாறும். ரீசார்ஜ் செய்யும் நாளில் நிறுவனத்தின் ஆப்பில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆப்பின் முதல் பக்கத்தில் பேச மட்டுமான பிளான் பெரும்பாலும் தெரியாது. கீழே தள்ளிக்கொண்டே போய்த் தேட வேண்டியிருக்கும். கடையில் என்றால், "டேட்டா இல்லாத வாய்ஸ் பிளான் போடுங்க" என்று தெளிவாகக் கேளுங்கள்.

யாருக்கு எது சரி?

பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்கள்: பேச மட்டுமான 84 நாள் அல்லது ஒரு வருட பிளான். இதில் ஒரு எச்சரிக்கை. ஜியோவுக்கு 2ஜி சேவை கிடையாது. பழைய 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம் வேலை செய்யாது. ஜியோபாரத் போன்ற 4ஜி பட்டன் போன்களுக்குத் தனி மலிவு பிளான்கள் உண்டு. ஆனால் அவை அந்த போனில் மட்டும்தான் செல்லும்.

வீட்டில் பிராட்பேண்ட் இருப்பவர்கள்: 28 நாளுக்கு மொத்தமாக 2 ஜிபி போன்ற பிளானே போதும். வெளியூர் போகும் வாரத்தில் மட்டும் தனியாக டேட்டா வவுச்சர் போட்டுக்கொள்ளலாம். பேச மட்டுமான பிளானுக்கு மேல் டேட்டா வவுச்சர் சேர்க்க முடியுமா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

டெலிவரி, கால்டாக்ஸி வேலையில் இருப்பவர்கள்: நாள் முழுக்க மேப்பும் அழைப்பும் ஓடும். தினசரி டேட்டா பிளான் இவர்களுக்குத் தேவைதான். 84 நாள் பிளானின் ஒரு நாள் விலையை 28 நாள் பிளானோடு ஒப்பிட்டுப் பார்த்தால் லாபம் தெரியும். கையில் மொத்தமாகப் பணம் இல்லாத மாதத்தில் 28 நாள் பிளான் போடுவதில் தவறில்லை.

5ஜி போன் வைத்து நிறைய வீடியோ பார்ப்பவர்கள்: 2024 ஜூலைக்குப் பிறகு ஜியோவும் ஏர்டெல்லும் அன்லிமிடெட் 5ஜியை தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பிளான்களோடுதான் தருவதாக அறிவித்தன. 5ஜி போன் இருந்தும் தினம் 1.5 ஜிபி பிளான் போட்டால் அந்தச் சலுகை கிடைக்காமல் போகலாம். உங்கள் பகுதியில் 5ஜி சிக்னலே இல்லையென்றால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதும் வீண்.

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ உறவினர் இருப்பவர்கள்: அங்கிருந்து வரும் அழைப்புக்கு இங்கே கட்டணம் இல்லை. ஆனால் இங்கிருந்து கூப்பிட்டால், அன்லிமிடெட் பிளானில் அது சேராது. தனி ஐஎஸ்டி பேக் வேண்டும், இல்லையென்றால் அங்கே அனுமதி இருந்தால் வாட்ஸ்அப் கால். வாட்ஸ்அப்பில் பேச டேட்டா உள்ள பிளான் வேண்டும்.

இரண்டாவது சிம்மை சும்மா வைத்திருப்பவர்கள்: 90 நாள் வரை அழைப்பு, எஸ்எம்எஸ், டேட்டா என எந்தப் பயன்பாடும் இல்லையென்றால் நிறுவனம் அந்த எண்ணைத் துண்டிக்கலாம். ட்ராய் விதிப்படி, கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ பேலன்ஸ் இருந்தால், 20 ரூபாய் எடுத்துக்கொண்டு மேலும் 30 நாள் எண்ணைத் தக்கவைக்க வேண்டும். இது எண்ணைக் காப்பாற்றும் ஏற்பாடு மட்டுமே. பிளான் இல்லாமல் அழைப்பு வரும் என்று அர்த்தமில்லை.

துண்டிக்கப்பட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும். உங்கள் பேங்க் கணக்கு அந்த எண்ணில் இருந்தால்? அதனால்தான் இப்படிக் கைமாறிய எண்களைக் கணக்கிலிருந்து நீக்கும்படி, 2025 ஏப்ரல் முதல் வங்கிகளுக்கும் யுபிஐ ஆப்களுக்கும் என்பிசிஐ விதி கொண்டுவந்தது. ஒரு எண்ணை விடுவதாக இருந்தால், முதலில் பேங்க்கில் புதிய எண்ணைக் கொடுத்துவிட்டு அப்புறம் விடுங்கள்.

இதிலெல்லாம் கவனமா இருங்க

அன்லிமிடெட் என்றால் எல்லா எண்ணும் இல்லை. வெளிநாட்டு அழைப்புகளுக்கும் சில சிறப்பு எண்களுக்கும் தனிக் கட்டணம்.

தினசரி டேட்டா தீர்ந்தால் இணைப்பு நிற்காது. வேகம் 64 கேபிபிஎஸ் அளவுக்கு இறங்கிவிடும். மெசேஜ் போகலாம், வீடியோ ஓடாது.

டேட்டா வவுச்சர் தனியாக நிற்காது. அடிப்படை பிளான் வேலிடிட்டி முடிந்திருந்தால் டேட்டா வவுச்சர் மட்டும் போட்டுப் பயனில்லை. சிக்னல் இருந்தும் போன் பேச முடியாது.

10 ரூபாய் டாப்அப்புக்கு 10 ரூபாய் வராது. 18 சதவீத ஜிஎஸ்டியும் 1 ரூபாய் செயல்பாட்டுக் கட்டணமும் போக கையில் கிடைப்பது 7 ரூபாய் 47 காசு.

கேட்காமலே பேலன்ஸ் குறைகிறதா? காலர் டியூன், ஜோதிடம், கேம் என ஏதாவது கட்டணச் சேவை தெரியாமல் ஆன் ஆகியிருக்கலாம். 155223 என்ற இலவச எண்ணை அழைத்து நிறுத்தலாம்.

சிக்னல் இல்லாத பிளான் எவ்வளவு மலிவாக இருந்தாலும் நஷ்டம்

வீட்டுக்குள், வேலை இடத்தில், ஊருக்குப் போகும் வழியில் எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கிறது என்று அங்கேயே இருப்பவர்களிடம் கேளுங்கள். நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் கவரேஜ் வரைபடமும் வெளியிடுகின்றன. வீட்டுக்குள் மட்டும் சிக்னல் குறைவு, ஆனால் வைஃபை இருக்கிறது என்றால், போனில் 'வைஃபை காலிங்' வசதியை ஆன் செய்து பார்க்கலாம். இந்தியாவுக்குள் பேச இதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

நம்பரை மாத்தாம கம்பெனியை மாத்தணுமா?

2011 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் இந்த வசதி இருக்கிறது. போர்ட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு, உங்கள் 10 இலக்க எண்ணைச் சேர்த்து 1900 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். உங்கள் பிளானில் எஸ்எம்எஸ் இல்லாவிட்டாலும் இந்த மெசேஜை அனுப்ப அனுமதிக்க வேண்டும் என்று ட்ராய் 2021 டிசம்பரில் உத்தரவிட்டது.

பதிலாக வரும் குறியீட்டை எடுத்துக்கொண்டு புதிய நிறுவனத்தின் கடைக்குப் போனால் போதும். தமிழ்நாட்டில் அந்தக் குறியீடு 4 நாள் செல்லும். ஒரே மாநில வட்டத்துக்குள் மாற 3 வேலை நாள், வேறு வட்டத்துக்கு என்றால் 5 வேலை நாள். தற்போதைய நிறுவனத்தில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். புதிய சிம் மாற்றி வாங்கியிருந்தால் 7 நாள் பொறுக்க வேண்டும்.

மீதமிருக்கும் வேலிடிட்டியும் பேலன்ஸும் கூட வராது. ஒரு வருட பிளான் போட்ட மறுவாரம் மாறினால் நஷ்டம் உங்களுக்குத்தான். அதனால் புதிய நிறுவனத்தில் முதலில் 28 நாள் பிளான் போட்டு சிக்னலைப் பாருங்கள். திருப்தி என்றால் அப்புறம் நீண்ட பிளான்.

புகார் இருந்தால்?

சொன்ன பிளான் ஒன்று, ஏறிய பிளான் வேறு என்றால் 198 என்ற எண்ணில் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள். தீர்வு திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அங்கே அந்த எண் கட்டாயம் தேவைப்படும்.

அடுத்த முறை ரீசார்ஜ் பட்டனை அழுத்துவதற்கு முன், ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகிறது, அதில் எதைப் பயன்படுத்துகிறோம் என்று இரண்டே கேள்விதான். ஊரில் அம்மா, அப்பா போனுக்கு நீங்கள்தான் ரீசார்ஜ் செய்கிறீர்கள் என்றால், அவர்களுடைய வேலிடிட்டி முடியும் தேதியை உங்கள் போனில் ரிமைண்டராகப் போட்டு வையுங்கள். போன் கட் ஆனால், அதை உங்களிடம் சொல்லக்கூட அவர்களால் கூப்பிட முடியாது.