பச்சைத் தேநீரும் நம் கடற்கரையும்

விருந்தினர் ஒருவர் வாயிற்படி ஏறினால், அவர் அமர்வதற்குள்ளாகவே அடுப்பில் தேநீருக்கான தண்ணீர் ஏறிவிடுவது இன்று நம் இல்லங்களின் வழக்கம். அண்மைக் காலமாக அந்த அடுப்பங்கரையில் மற்றொரு பொட்டலமும் இடம்பெற்றுவருகிறது. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் வந்தபின் மருத்துவர் சொல்லியோ, மக்கள் வாங்கிக் கொடுத்தோ, ‘கிரீன் டீ’ எனக் கடைகளில் வழங்கும் பச்சைத் தேநீரை நம்மில் பலர் அருந்தத் தொடங்கியிருக்கிறோம். உடல் நலத்திற்காக அருந்தும் இப்பானத்திற்குள் ஒரு நீண்ட வரலாறும் ஊறிக்கிடக்கிறது. அவ்வரலாற்றில் நம் இராமநாதபுரக் கடற்கரைக்கு ஒரு பங்குண்டு.

வாலிநோக்கம் மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஊர். மீன்பிடிப்பும் உப்பளமும் பனையும் இவ்வட்டாரத்தின் வாழ்வு. இம்மணலில் தேயிலைச் செடி வளராது. அது மழையும் குளிர்ச்சியும் சரிவும் தேடும் மலைப்பயிர். ஆயினும், மலைகளில் அச்செடியை வளர்த்த கைகளுள் பல, இக்கடற்கரை வழியாகவே கடல் கடந்தன.

பச்சைத் தேநீர் வேறொரு செடியின் இலை என்று எண்ணுவோர் உளர். அவ்வாறன்று. நாம் பாலிட்டுப் பருகும் தேயிலையும் இதுவும் ஒரே செடியின் கொழுந்துகளே. பறித்த கொழுந்தை வாட்டிக் கசக்கிக் காற்றுப்பட விட்டால் அது கருமையும் துவர்ப்பும் கொள்ளும். பறித்தவுடன் நீராவியிலோ சூடான சட்டியிலோ வாட்டி அம்மாற்றத்தை நிறுத்திவிட்டால் பசுமை மாறாதிருக்கும்.

ஆகவே இதைத் தயாரிப்பதிலும் பொறுமை வேண்டும். தூளைக் கொதிக்கும் நீரிலிட்டுக் காய்ச்சும் நம் பழக்கம் இங்குப் பொருந்தாது. கொதித்த நீரை இறக்கிச் சில நிமிடங்கள் ஆறவிட்டு, ஏறத்தாழ 80 பாகை வெப்பத்தில், ஒரு குவளைக்கு ஒரு சிறு கரண்டி இலை என இட்டு மூடி, இரண்டு அல்லது மூன்று நிமிடங்களில் வடித்துவிட வேண்டும். பிந்தினால் கசக்கும். அதே இலையில் மறுமுறையும் நீர் ஊற்றலாம். உவர்நீர் இதன் சுவையைக் கெடுத்துவிடும் என்பதால், குடிநீருக்குக் குடத்தோடு காத்திருந்து பழகிய நம் பகுதித் தாய்மார்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். வெறுமையாய் அருந்த இயலாதோர் சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியில் ஒரு துண்டைக் கடித்துக்கொள்ளலாம். பால் சேர்ப்பதில்லை, எனவே இலையின் இயல்பான சுவையை அது மறைப்பதுமில்லை.

இந்த இலையை விருந்தோம்பலின் அடையாளமாக உயர்த்தியவர்கள் ஜப்பானியர். பச்சைத் தேயிலையைப் பொடித்து நீரில் கலக்கி விருந்தினர்க்கு அளிப்பதை அவர்கள் ஒரு கலையாகவே வளர்த்தனர். தேநீர்க் குடிலின் வாயில் மிகத் தாழ்வானது. படைத்தலைவனும் தன் வாளை வெளியே வைத்துவிட்டுக் குனிந்தே நுழைய வேண்டும். உள்ளே உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்ற வேற்றுமை இல்லை. 1579-இல் அந்நாட்டிற்குச் சென்ற இயேசு சபை மேற்பார்வையாளர் அலெசாந்த்ரோ வலிஞ்ஞானோ இதன் பொருளை உணர்ந்து, சபையின் இல்லங்களில் வருவோர்க்குத் தேநீர் அளிக்க இடமும் ஆளும் இருத்தல் வேண்டும் என விதித்தார். தேநீர்க் கலையின் ஆசானாகிய சென் நோ ரிக்யூவின் சீடருள் ஒருவரான யுஸ்தோ தகயாமா உகோன் ஒரு கத்தோலிக்கப் பிரபு. தம் தேநீர்க் குடிலையே அவர் செபத்திற்குரிய இடமாகவும் கொண்டிருந்தார். விசுவாசத்தின் பொருட்டுத் தம் ஆட்சிப் பகுதியை இழந்து, 1614-இல் நாடு கடத்தப்பட்டு, அடுத்த ஆண்டில் மணிலாவில் உயிர் நீத்தார். 2017-இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியது. விருந்தோம்பும் கலையில் தேர்ந்த அவர் அந்நிய மண்ணில் அகதியாக இறந்தார் என்பது எண்ணத்தக்கது.

ஆனால் இதே இலை, தன்னை வளர்த்த மக்களுக்கு விருந்தோம்பலைப் பெற்றுத் தந்ததா? இவ்வினாவிற்கு விடை காண நம் கடலுக்கு அப்பால் நோக்க வேண்டும்.

இலங்கை மலைநாட்டில் முதலில் செழித்தது காப்பி. அக்காலத்திலேயே பஞ்சத்தாலும் கடனாலும் நெருக்குண்ட தமிழ்நாட்டு ஏழைகள், கங்காணிகளின் முன்பணத்தை நம்பிப் பாம்பன் முதலிய துறைகளில் படகேறினர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியும் பசியும் வழியிலேயே பலரை மாய்த்தன. 1869-இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியை அழிக்க, தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867-இல், ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். அவர் பெயரை வரலாறு போற்றுகிறது. காடழித்து, குழி தோண்டி, கொழுந்து பறித்தவர்களின் பெயர்களைச் சொல்வார் எவருமில்லை.

1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. தோட்டங்களுக்குச் செல்வோர் மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டு, நோய்ச் சோதனை முடிந்த பின்னரே அக்கரைக்கு அனுப்பப்பட்டனர். மலைகளில் அவர்களுக்குக் கிடைத்த வீடு ‘லயம்’ எனும் வரிசைக் குடியிருப்பின் ஓர் அறை. உயர்ந்த இலை கப்பலேறி இலண்டனுக்குச் சென்றது. பறித்தவர்களின் குவளைக்கு எஞ்சியது தூள். அதைத்தான் அவர்கள் ‘தேத்தண்ணி’ என்று பருகினர்.

மூன்று தலைமுறை உழைத்த பின்னும் அவர்கள் அந்நாட்டார் ஆகவில்லை. 1948-இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, ஏறத்தாழ 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டன. பண்டத்தை நிறுத்துப் பிரிப்பதுபோல் மக்கள் பிரிக்கப்பட்டனர். ‘எங்கே வாழ விரும்புகிறீர்கள்?’ என்ற வினாவை ஒப்பந்தத்திற்கு முன் அவர்களிடம் கேட்டவர் எவர்?

பாட்டன் போன அதே கடல்வழியே பேரர் திரும்பினர். பிறந்த மலையை விட்டு, பார்த்திராத ‘தாயகத்தில்’ மூட்டை முடிச்சுகளோடு வந்திறங்கிய அவர்களை, நம் மக்கள் ‘சிலோன்காரர்’ என்றழைத்தனர். அங்கே இந்தியர், இங்கே சிலோன்காரர்; எங்கும் அயலாரே. அவர்களுள் ஒரு பகுதியினர்க்கு வேலையளிக்கத் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. 1968-இல் தொடங்கிய அத்திட்டமே பின்னர் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. கடல் கடந்து வந்த பின்னும் கையில் கிடைத்தது மீண்டும் கொழுந்துக் கூடையே. 2022-இல் அக்கழகத்தின் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடம் திரும்ப ஒப்படைக்க அரசு முடிவு செய்தபோது, தங்கள் பிழைப்பும் குடியிருப்பும் என்னாகுமோ என்ற கவலை அக்குடும்பங்களை மறுபடியும் சூழ்ந்தது. தொழிலாளரைத் தடுத்து வைத்த மண்டபத்திலோ, 1983-க்குப் பின் போரினால் துரத்தப்பட்டு வந்த ஈழத்தமிழர் தங்கவைக்கப்பட்டனர். அங்கேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை பெறாத பிள்ளைகள் உளர்.

ஜப்பானியக் குடிலின் தாழ்ந்த வாயில் நமக்கு உணர்த்துவது இதுதான்: குனியாமல் விருந்தோம்ப இயலாது. வந்தவரின் ஊரையும் சாதியையும் உச்சரிப்பையும் அளந்து பார்க்கும் வாளை வெளியே வைத்துவிட்டே உள்ளே வரவேண்டும். இறுதித் தீர்ப்பு நாளில் அந்நியரை ஏற்றுக்கொண்டோமா என்று ஆண்டவர் வினவுவார் என மறையுரைகளில் கேட்கிறோம். அந்த அந்நியர் நம் கடற்கரையில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஏறியும் இறங்கியும் நிற்கிறார்.

எனவே, அன்பு வாசகரே, மாலை வேளையில் பச்சைத் தேநீர் அருந்துங்கால், இலை விரிவதற்குக் காத்திருக்கும் அந்த மூன்று நிமிடங்களை வீணே கழிக்க வேண்டாம். நம் குடும்பத்திலோ பங்கிலோ கடல் கடந்து சென்றவர் யார், திரும்பியவர் யார், திரும்பாமலே போனவர் யார் என முதியோரைக் கேட்டு, பிள்ளைகளுக்குச் சொல்லலாம். மலைநாட்டிலிருந்து வந்த குடும்பம் நம் தெருவில் இருக்குமாயின், அவர்களை அழைத்து ஒரு குவளையை அவர்கள் கையிலும் கொடுக்கலாம். அந்த இலையைப் பற்றி நம்மினும் அவர்கள் நன்கு அறிவார்கள்.